அடைப்புகளை எண்ணினால் போதாது, அளக்கவும் வேண்டும்

கொடைக்கானலிலிருந்தும் அதைச் சூழ்ந்த மேல்மலை, கீழ்மலைச் சிற்றூர்களிலிருந்தும் நெஞ்சு வலியோடு எங்களிடம் வருவோரில் சிலரை, ஆஞ்சியோகிராம் எடுப்பதற்காக மதுரை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்கு அனுப்பி வைக்கிறோம். இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்துக் காட்டும் அந்த வசதி எங்கள் மருத்துவமனையில் இல்லை. மலையிறங்கிச் சென்று திரும்புகிறவர்களின் கையில் ஒரு குறுந்தகடும் ஓர் அறிக்கையும் இருக்கும். அவர்கள் மனத்திலோ ஓர் எண் மட்டுமே இருக்கும். “ஒரே குழாயில் மூன்று அடைப்பாம் டாக்டர். மூன்று ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்குமாம். வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பார்கள். உடன் வந்த மகனோ மகளோ அறிக்கையை நீட்டுவார். 60 சதவீதம், 70 சதவீதம், 50 சதவீதம் என்று அதில் மூன்று வரிகள் இருக்கும்.

இக்கேள்வியை நாங்கள் பலமுறை கேட்டுவிட்டோம். ஆகவே எங்கள் கருத்தை இவ்விதழில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லதென்று கருதுகிறோம். உடல்நிலை அவசரமாக இல்லாத ஒருவருக்கு, ஒரே இரத்தக் குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட அடைப்புகள் இருக்குமானால், எத்தனை ஸ்டென்ட் என்பதைப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அக்குழாயினுள் இரத்த அழுத்தம் எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அந்த அளவீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது.

படம் காட்டுவதும் காட்டாததும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘அடைப்பு’ என்றதும் குழாய் முழுவதும் மூடிக்கொண்டதாகவே பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அச்சொல்லின் பொருள், குழாயின் உட்புறம் அந்த இடத்தில் குறுகியிருக்கிறது என்பதுதான். 60 சதவீத அடைப்பு என்றால் குழாயின் உள்விட்டம் அவ்விடத்தில் ஏறத்தாழ அவ்வளவு குறைந்திருக்கிறது என்று பொருள். இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் 60 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருளன்று.

ஆஞ்சியோகிராம் என்பது நிழற்படம். குழாயினுள் மருந்துச் சாயத்தைச் செலுத்தி, அது ஓடும் வடிவத்தை எக்ஸ்ரே ஒளியில் பதிவு செய்கிறார்கள். எந்த இடம் குறுகியிருக்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும். அந்தக் குறுகலால் தசைக்கு உண்மையில் இரத்தம் போதாமல் போகிறதா என்பதை அது காட்டாது. ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு அனுபவமிக்க மருத்துவர்களில் ஒருவர் 60 என்றும் மற்றவர் 75 என்றும் மதிப்பிடக்கூடும். மேலும், ஒரே அளவுள்ள குறுகல், பெரும் தசைப்பகுதிக்கு இரத்தம் கொடுக்கும் குழாயில் இருந்தால் அதிகத் தீங்கு செய்யும். சிறு பகுதிக்குக் கொடுக்கும் கிளையில் இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாமலும் போகலாம்.

இந்த இடைவெளியின் அளவை 2009-இல் வெளிவந்த ‘ஃபேம்’ என்னும் ஆய்வின் பதிவுகள் காட்டின. படத்தில் 50 முதல் 70 சதவீதம் வரை என்று மதிப்பிடப்பட்ட அடைப்புகளை அழுத்தக் கம்பியால் அளந்து பார்த்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 35 சதவீதமே இரத்த ஓட்டத்தை உண்மையாகப் பாதிப்பவையாக இருந்தன. 71 முதல் 90 வரை என்று மதிப்பிடப்பட்டவற்றிலும் ஐந்தில் ஒன்று அத்தகைய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. 90-ஐத் தாண்டியவை மட்டுமே ஏறக்குறைய எல்லாமும் உண்மையான தடைகளாக இருந்தன. எங்களிடம் வரும் அறிக்கைகளில் மிகுதியும் காணப்படுவது முதல் இரண்டு வகைதான்.

அழுத்தத்தை அளப்பது எப்படி?

ஆஞ்சியோகிராம் செய்த அதே வழியாகவே, ஒரு மெல்லிய கம்பியைக் குழாயினுள் செலுத்துகிறார்கள். அதன் விட்டம் 0.36 மில்லிமீட்டர். அதன் நுனிக்கு அருகே அழுத்தத்தை உணரும் சிறு கருவி பதிக்கப்பட்டுள்ளது. அக்கருவி அடைப்பைக் கடந்து அப்பால் சென்றதும், அங்குள்ள அழுத்தத்தையும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் அளக்கிறார்கள். இதயத் தசைக்கு இரத்த ஓட்டம் உச்சமாக இருக்கும் நிலையில் அளக்க வேண்டும் என்பதால், அடினோசின் என்னும் மருந்தைச் சில நிமிடங்கள் செலுத்துவது வழக்கம். அப்போது நெஞ்சு இறுகுவது போலவோ மூச்சு முட்டுவது போலவோ தோன்றலாம். மருந்தை நிறுத்தியதும் அது விரைவில் மறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தைப் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப்.எஃப்.ஆர். என்று அறிக்கையில் எழுதப்படும் எண். தடையே இல்லாத குழாயில் அது 1. அடைப்புக்கு முன் 100, பின் 78 என்றால் 0.78. இந்த எண் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரத்த ஓட்டம் பாதிக்கப்படுகிறது என்று கொள்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் பொதுவாக மருந்தே போதும். நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி புரூய்ன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 1990-களில் இம்முறையை வகுத்து நிலைநிறுத்தினர். அடினோசின் இல்லாமல், இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட இடைவேளையில் அளக்கும் ஐ.எஃப்.ஆர். என்ற முறையும் இன்று உண்டு. அதன் எல்லை எண் 0.89. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் ஐ.எஃப்.ஆர். மற்றதற்குக் குறைந்ததன்று என்று இரண்டுமே கண்டன.

மலைமேல் வாழ்கிறவர்கள் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்புவதுண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதனால் இந்த எண் மாறுமா? மாறாது. அளக்கத் தொடங்கும் முன் கருவியை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சுழியம் என்று சரிசெய்துகொள்கிறார்கள். அதன் பிறகு ஒப்பிடப்படுபவை ஒரே உடலின் இரண்டு அழுத்தங்கள்.

ஒரே குழாயில் பல அடைப்புகள்

ஓர் அடைப்பு மட்டும் இருந்தால் கணக்கு எளிது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அதை விளங்கிக்கொள்ள நம் மலைத் தோட்டங்களைவிட நல்ல இடம் வேறில்லை.

பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் காரட்டும் பயிரிடும் விவசாயிகள் பலர், மேலேயுள்ள ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் வழியாகத் தண்ணீரைச் சரிவில் இறக்கித் தோட்டத்துக்குக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் குழாய் இரண்டு இடங்களில் மடிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே தண்ணீர் மெதுவாக வருகிறது. இரண்டு மடிப்புகளில் எது முக்கியக் காரணம்? குழாயின் வாயில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. ஒரு மடிப்பு தண்ணீரைக் குறைத்துவிடுவதால், மற்ற மடிப்பின் வழியே போவதும் குறைந்த தண்ணீரே. குறைந்த தண்ணீருக்கு அந்த இரண்டாம் மடிப்பு பெரிய தடையாகத் தோன்றாது. பெரிய மடிப்பை நிமிர்த்தி விட்டதும் தண்ணீர் பாய்ந்து வரும். அப்போதுதான் மற்ற மடிப்பின் உண்மையான தடை வெளிப்படும்.

இதயக் குழாயிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வோர் அடைப்பும் மற்றதன் கடுமையை மறைக்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே 60, 70 என்று மதிப்பிடுவதால் முழு உண்மை கிடைக்காது. இதன் அடிப்படைக் கோட்பாட்டையும், விலங்குகளிலும் பின்னர் நோயாளிகளிலும் செய்த சோதனைகளையும் பைல்ஸும் டி புரூய்னும் அவர்களுடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் தந்த முழுமையான சூத்திரத்துக்கு, குழாயைப் பலூனால் சற்று நேரம் மூடி எடுக்கும் அளவும் தேவைப்படுகிறது. அன்றாடச் சிகிச்சையில் அது எளிதன்று. ஆயினும் அந்த அறிவிலிருந்து எளிய நடைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது.

கம்பியைக் குழாயின் கடைசி வரை செலுத்தி முதலில் மொத்த எண்ணைப் பார்க்கிறார்கள். அது 0.80-க்கு மேல் இருந்தால், படத்தில் எத்தனை அடைப்புகள் தெரிந்தாலும் பொதுவாக அங்கே ஸ்டென்ட் தேவையில்லை. அதற்குக் கீழே இருந்தால், கம்பியை மெதுவாகப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வருகிறார்கள். எந்த அடைப்பைத் தாண்டும்போது அழுத்தம் பெரிதாகத் துள்ளுகிறதோ அதையே முதலில் சரிசெய்கிறார்கள். பிறகு நின்றுவிடாமல் மீண்டும் அளக்கிறார்கள். இந்த இரண்டாம் அளவீடுதான் இந்நடைமுறையின் உயிர்.

இரண்டு நோயாளிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விளக்கத்துக்காக நாங்கள் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. இருவருக்கும் ஒரே குழாயில் இரண்டிரண்டு அடைப்புகள். முதலாமவருக்குப் பெருந்தமனியில் 100, முதல் அடைப்புக்குப் பின் 88, இரண்டாம் அடைப்புக்குப் பின் 70. இரண்டாம் அடைப்பில்தான் அழுத்தம் அதிகம் குறைகிறது. அங்கே ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். இரத்த ஓட்டம் கூடியதால், முதலில் 12 மட்டுமே குறைத்த மேல் அடைப்பு இப்போது 17 குறைக்கிறது. எனினும் முடிவில் கிடைப்பது 83, அதாவது 0.83. ஒரு ஸ்டென்டோடு நிறுத்திவிடலாம்.

இரண்டாமவருக்கு 100, 84, 64. இங்கும் கீழே உள்ளதே பெரியது. அதைச் சரிசெய்ததும், முன்பு 16 குறைத்த மேல் அடைப்பு 23 குறைக்கிறது. முடிவு 77, அதாவது 0.77. இவருக்கு இரண்டாவது ஸ்டென்டும் தேவை. படத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்கலாம். மீண்டும் அளக்காமல் இருந்திருந்தால் முதலாமவர் தேவையற்ற ஸ்டென்டைச் சுமந்திருப்பார், அல்லது இரண்டாமவர் தீராத வலியோடு வீடு திரும்பியிருப்பார். அளவீடு எப்போதும் ஸ்டென்டைக் குறைப்பதற்கே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறோம்.

படிக்கட்டும் யானைப்பாதையும்

கம்பியைப் பின்னிழுக்கும்போது திரையில் தெரியும் கோடு இன்னொரு செய்தியையும் தருகிறது. பழனி மலைக்கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லிவிடலாம். அடிவாரத்திலிருந்து மேலே செல்லப் படிக்கட்டும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. இரண்டும் ஒரே உயரத்தைத்தான் கடக்கின்றன. படிக்கட்டில் ஒவ்வோர் ஏற்றமும் தனித்தனியே தெரியும். யானைப்பாதையில் ஏறுவதே தெரியாமல் சரிவு சிறிது சிறிதாக உயரும்.

சிலருடைய குழாயில் அழுத்தம் ஓரிரு இடங்களில் படிபோலத் துள்ளும். அங்கே ஸ்டென்ட் நல்ல பலன் தரும். வேறு சிலருக்கு, குறிப்பாக நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, குழாய் முழுவதுமே கொழுப்புப் படிந்து அழுத்தம் யானைப்பாதைபோல நெடுகிலும் சிறிது சிறிதாகக் குறைந்திருக்கும். இவர்களுக்குப் படத்தில் தெரியும் மூன்று அடைப்புகளிலும் மூன்று ஸ்டென்டுகளை வைத்தாலும் மொத்த அழுத்தம் அதிகம் உயராது. அவர்களுக்கு மருந்தோ, தேவையானால் பைபாஸ் அறுவையோதான் பொருத்தமான வழி. சிகிச்சையைத் தொடங்கும் முன்பே இவ்வேறுபாட்டை அறிவது நோயாளிக்குப் பெரும் நன்மை.

மூன்று மறுப்புகள்

எங்கள் கருத்தைக் கேட்கும் குடும்பத்தினர் பொதுவாக மூன்று மறுப்புகளைச் சொல்கிறார்கள். மூன்றும் நியாயமானவை.

முதலாவது அச்சம். “அடைப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவிடலாமா? நாளையே மாரடைப்பு வந்தால்?” இதற்கு விடை தேடிய ‘டிஃபர்’ என்னும் ஆய்வு, அழுத்த அளவு 0.75-க்குக் குறையாத அடைப்புகளை உடையவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் முதலிய சிகிச்சையைச் செய்தும், மற்றொரு பகுதியினருக்குச் செய்யாமலும் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இறப்பு விகிதத்தில் வேறுபாடில்லை. மாரடைப்போ, சிகிச்சை செய்யாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம் பேருக்கும், செய்துகொண்டவர்களில் 10 சதவீதம் பேருக்கும் வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 90 பேரே இருந்த சிறிய ஆய்வு இது. ஆயினும் அளந்து பார்த்து விட்டுவைத்த அடைப்பு அஞ்சத்தக்கதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

1,005 பேர் கலந்துகொண்ட ‘ஃபேம்’ ஆய்விலும், அளந்து செய்தவர்களுக்குச் சராசரியாக 1.9 ஸ்டென்டுகளும், படத்தை மட்டும் பார்த்துச் செய்தவர்களுக்கு 2.7 ஸ்டென்டுகளும் வைக்கப்பட்டன. ஓராண்டில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் முறையே 13.2 சதவீதமும் 18.3 சதவீதமும். ஐந்தாண்டுகளில் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறைவான ஸ்டென்ட் வைத்ததால் அவர்களுக்குக் கெடுதி ஏதும் நேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாவது மறுப்பு, “மூன்றையும் சேர்த்து நீளமாக ஸ்டென்ட் வைத்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமே” என்பது. தீராது. உலோகத்தின் நீளம் கூடக்கூட, உள்ளே மீண்டும் குறுகுவதற்கும் இரத்தம் உறைவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. குழாய் முழுவதும் ஸ்டென்ட் வைத்துவிட்டால், பிற்காலத்தில் பைபாஸ் தேவைப்படும்போது புதுக் குழாயை இணைத்துத் தைக்க இடமில்லாமலும் போகலாம்.

மூன்றாவது செலவு. மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. மருந்து தடவிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். அதற்கு முன் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தவர்கள் உண்டு. அது ஏழைகளுக்குப் பெரும் ஆறுதல். எனினும் ஸ்டென்டின் விலை குறைந்த பிறகு, அழுத்தக் கம்பிக்கு ஆகும் தனிச் செலவு பலருக்கு வீண் செலவாகத் தோன்றத் தொடங்கியது. நாங்கள் இதை வேறுவிதமாகப் பார்க்கிறோம். ஒரு ஸ்டென்டின் செலவு அதன் விலையோடு முடிவதில்லை. இரத்தம் உறையாமலிருக்கப் பல மாதங்கள் இரண்டு மாத்திரைகள் சேர்த்து உண்ண வேண்டும். பல ஸ்டென்டுகள் உள்ளவர்களுக்கு அக்காலத்தை மருத்துவர் நீட்டிக்க நேரிடலாம். கீழ்மலையின் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு அதன் பொருள் தெரியும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நெடுநேரமாகும். கவாத்துக் கத்தி பட்ட சிறு காயமும் பெரிதாகும். அதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கி ஏறுவதும், ஒரு நாள் கூலி போவதும், துணைக்கு ஒருவர் வருவதும் இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்ததே ஒரு ஸ்டென்டின் விலை. தேவையானவருக்கு அது மிக மலிவு. தேவையற்றவருக்கு மிக அதிகம்.

ஆயினும் செலவு முழுவதையும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது முறையன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முதலிய பொதுக் காப்பீடுகளில், ஒரே குழாயில் பல அடைப்புள்ளவர்களுக்கு இந்த அளவீடு ஸ்டென்டைப் போலவே தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு ஸ்டென்டைத் தவிர்க்க உதவும் கருவிக்குச் செலவிடுவது அரசுக்கும் இழப்பாகாது.

அளந்துகொண்டிருக்கக் கூடாத நேரம்

எங்கள் கருத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது. மேலே சொன்னவை அனைத்தும், நடந்தால் வலி, ஓய்ந்தால் சரி என்ற நிலையில் நாள்பட்டு இருப்பவர்களுக்கே. மாரடைப்பு வந்துவிட்டவருக்கு அதற்குக் காரணமான குழாயை உடனே திறப்பதே கடமை. அங்கே அளவீட்டுக்கு இடமில்லை. வியர்வையோடு கூடிய நெஞ்சு வலி ஓய்ந்தும் நீங்காமல் இருந்தால், எண்களைப் பற்றி எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரையுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. கிளாவரை போன்ற கடைக்கோடி ஊர்களில் இருப்போருக்கு அம்மாத்திரைகளின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்று முக்கியக் குழாய்களிலும் நோய் உள்ளவர்கள், அளந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் பைபாஸே தேவையில்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது. 2022-இல் வெளிவந்த மூன்றாவது ‘ஃபேம்’ ஆய்வில், அளந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 6.9 சதவீதம் பேருக்கும் ஓராண்டில் பெரும் பாதிப்புகள் நேர்ந்தன. அளவீடு ஒரு நல்ல வழிகாட்டி. எல்லா நோய்க்கும் அது மருந்தாகாது. கம்பியால் குழாயின் உட்சுவரில் காயம் ஏற்படுவதும் மிக அரிதாக உண்டு என்பதையும் அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாள்பட்ட வலிக்காக ஆஞ்சியோகிராம் எடுக்கச் செல்கிறவர்கள், மேசையில் படுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே குழாயில் பல அடைப்புகள் தெரிந்தால், அழுத்தத்தை அளந்து பார்ப்பீர்களா? அந்த வசதி இங்கே உள்ளதா?

மொத்த எண் எவ்வளவு? கம்பியைப் பின்னிழுத்தபோது எந்த அடைப்பில் அதிகம் குறைந்தது?

அது படியா, சரிவா?

முதல் ஸ்டென்டுக்குப் பிறகு மீண்டும் அளந்தீர்களா? அப்போது எண் என்ன?

இச்செலவு காப்பீட்டில் அடங்குமா?

விட்டுவைத்த அடைப்புக்கு என்ன மருந்து, எத்தனை காலம்?

மருத்துவரிடம் உங்கள் வலியையும் சரியாகச் சொல்லுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சமவழியில் வராத வலி, சந்தையிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது வருகிறதா? எத்தனை அடியில் நிற்க வேண்டியிருக்கிறது? மலைவாழ் மக்களுக்கு ஒவ்வொரு மேடும் ஒரு பரிசோதனைதான். எந்த எண்ணையும் இந்த வாழ்க்கைக் குறிப்போடு சேர்த்துப் படிக்கும்போதே முடிவு சரியாக அமையும்.

அவசரமில்லாத நிலையில் “இப்போதே முடிவு சொல்லுங்கள்” என்ற நெருக்கடிக்குப் பணிந்துவிட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2020-இல் வெளிவந்த ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையான இதய நோயுள்ள 5,179 பேரில், தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்வதற்காக அனுப்பப்பட்டவர்களுக்கும், முதலில் மருந்தோடு தொடர்ந்தவர்களுக்கும் இடையே, சுமார் மூன்றாண்டுகளில் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. வலி மிகுந்தவர்களுக்கு முதற்பிரிவில் கூடுதல் நிவாரணம் கிடைத்தது. இடப்பக்க முதன்மைக் குழாயில் நோய் உள்ளவர்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே யோசிக்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடமே கேட்டறியுங்கள்.

எங்கள் பங்குக்கும் ஒன்று செய்யவிருக்கிறோம். இனி நிலையான நெஞ்சு வலிக்காக நகர மருத்துவமனைகளுக்கு நாங்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களில், ஒரே குழாயில் பல அடைப்புகள் காணப்பட்டால் அழுத்த அளவீட்டைக் கருத்தில் கொள்ளுமாறு ஒரு வரியைச் சேர்ப்போம். நீங்கள் திரும்பி வரும்போது அந்த எண்களை எங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. “உங்களுக்கு ஸ்டென்ட் தேவையில்லை” என்பதன் பொருள் “உங்களுக்கு நோயில்லை” என்பதன்று. குழாயில் கொழுப்புப் படிந்திருக்கிறது. மாத்திரையும் நடையும் உணவுக் கட்டுப்பாடும் புகையிலையை விடுவதும் சேர்ந்துதான் அதைப் பெருகாமல் காக்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம். ஸ்டென்ட் வேண்டாம் என்ற மகிழ்ச்சியில் ஆறு மாதத்தில் மாத்திரைகளையும் விட்டுவிட்டு மறுபடி வலியோடு வருகிறவர்கள் உண்டு. அளந்து காப்பாற்றியதை இப்படி அலட்சியத்தால் இழந்துவிட வேண்டாம் என்று உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.